கறுத்த எண்ணெயும் வண்டிப் பங்கும்

டீசல் வண்டி ஆயிலைப் பெட்ரோல் வண்டியில் ஊற்றலாமா என்று, வண்டி வேலை பழகும் உங்களில் ஒருவர் போன வாரம் என்னைக் கேட்டார். கையில் இருந்த டீ ஆறுவதற்குள் பதில் வேண்டும் என்ற அவசரம் அவர் முகத்தில் தெரிந்தது. நான் “பார்த்துச் செய்” என்று மழுப்பிவிட்டு எழுந்து வந்துவிட்டேன். ரிடையர் ஆன மனுஷன், காது மந்தம் என்று நினைத்திருப்பீர்கள். காது நன்றாகத்தான் கேட்கிறது. அந்தக் கேள்விக்கு யார் முகத்தையும் பார்த்துக்கொண்டு என்னால் பதில் சொல்ல முடியாது. அதனால்தான் எழுதுகிறேன்.

இதில் ரகசியம் ஒன்றும் கிடையாது. காத்திவாக்கத்தில் என் வயசுக்காரர்கள் யாரைக் கேட்டாலும் கதையைச் சொல்வார்கள். சொல்லும்போது என் பேரை மட்டும் விட்டுவிடுவார்கள். அதுதான் எனக்கு இன்னும் தாங்கவில்லை.

நான் காத்திவாக்கம் குப்பத்தில் பிறந்தவன். வீட்டில் எல்லோரும் கடலுக்குப் போக, நான் ஒருத்தன் மட்டும் ராயபுரத்தில் ஒரு லாரிக் கம்பெனியின் பட்டறைக்கு ஸ்பானர் பிடிக்கப் போனேன். துறைமுகத்துக்குச் சரக்கு ஏற்றும் கம்பெனி. இரண்டாவது உலகப் போர் முடிந்து பட்டாளத்து வண்டிகள் ஏலத்துக்கு வந்தபோது எங்கள் குப்பத்தார் வீட்டுக்கு வீடு வசூல் செய்து ஒரு பெட்ரோல் லாரியை எடுத்தார்கள். அதற்கு முன்னால் எங்கள் பெண்கள் மீன்கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு ராயபுரம் வரைக்கும் ஓட்டமும் நடையுமாகப் போக வேண்டும். போக முடியாதவர்கள் கரைக்கே வந்து நிற்கும் தரகன் வாயில் வந்த விலைக்குக் கொடுத்துவிட்டு வயிற்றெரிச்சலோடு திரும்ப வேண்டும். லாரி வந்த பிறகு தரகன் பாடு திண்டாட்டமாகிவிட்டது. கட்டுமரம் கரையைத் தொட்டதும் மீன் லாரியில் ஏறும், கூடவே பெண்களும் ஏறுவார்கள். ஏலம் ஆரம்பிக்கும் முன் ராயபுரத்தில் இருப்பார்கள்.

எங்கள் பக்கத்தில் பிடித்த மீனைப் பங்கு பிரிப்பது உங்களுக்குத் தெரியுமோ என்னவோ. போன ஆளுக்குப் பங்கு உண்டு, வலைக்குப் பங்கு உண்டு, கட்டுமரத்துக்கும் பங்கு உண்டு. லாரி வந்ததும் ஊர் கூடி, வண்டிக்கும் ஒரு பங்கு என்று வைத்தார்கள். பெட்ரோல், டயர் எல்லாம் அந்த வண்டிப் பங்கிலிருந்துதான். வண்டியைப் பராமரிப்பவன் என்று எனக்கும் அதிலிருந்து வாரம் ஒரு கூடை மீன் வரும். கொண்டு வருவது என் அத்தை அஞ்சலை. என் அப்பாவின் கூடப் பிறந்தவள், லாரியில் போகும் பெண்களுக்கெல்லாம் தலைவி. லாரி ஓட்டுவது அவள் மகன் கன்னியப்பன். பட்டறை வாசலில் கூடையை இறக்கி வைத்துவிட்டு, “எங்க வண்டி டாக்டரு எங்க?” என்று சத்தமாகக் கேட்பாள். கூட வேலை பார்ப்பவர்கள் சிரிப்பார்கள். எனக்கு வெட்கமாகவும் இருக்கும், பெருமையாகவும் இருக்கும்.

பிறகு எங்கள் கம்பெனி டீசல் லாரிகளுக்கு மாறியது. அதோடு புது மாதிரி ஆயில் ஒன்றும் டிரம் டிரம்மாக வந்து இறங்கியது. அதற்கு முன் நாங்கள் பயன்படுத்தியது சாதாரண ஆயில். அது வழுவழுப்பைக் கொடுக்கும், அவ்வளவுதான். புகைக்கரி, அழுக்கு எல்லாம் இன்ஜினுக்குள்ளேயே அடியில் படிந்துகொண்டு போகும். புது ஆயிலில் சோப்பு மாதிரி ஒரு சரக்கைக் கலந்திருந்தார்கள். டீசல் இன்ஜினில் கரி அதிகம், அதைக் கழுவித் தன்னோடு வைத்துக்கொள்வதற்காக அந்த ஏற்பாடு. ஊற்றிய கொஞ்ச நாளிலேயே ஆயில் கறுத்துவிடும். டிரைவர்கள் பயந்துபோய், கலப்பட ஆயில் என்று எங்களைத் திட்டினார்கள். கறுத்தால் வேலை செய்கிறது என்று அர்த்தம் என்று அவர்களுக்கு விளக்கி விளக்கி எனக்கு அதுவே பாடமாகிவிட்டது.

அந்தச் சமயத்தில் முதலாளியின் பெட்ரோல் கார் இன்ஜினைப் பிரித்துப் புதுசாகக் கட்டினோம். என்ன ஆகிறது பார்ப்போம் என்று அதில் இந்த டீசல் ஆயிலை ஊற்றினேன். கார் பூனை மாதிரி சத்தமில்லாமல் ஓடியது. முதலாளி என்னைக் கூப்பிட்டு முதுகில் தட்டினார். நான் எடுத்துக்கொண்ட பாடம், பெட்ரோல் வண்டிக்கும் இதுதான் நல்ல ஆயில் என்பது. அந்த இன்ஜினை நாங்களே பிரித்துச் சுரண்டிக் கழுவித் துடைத்துக் கட்டியிருந்தோம், உள்ளே பழைய அழுக்கு ஒரு பொட்டுக்கூட இல்லை என்பது என் கணக்கில் வரவே இல்லை.

நல்லது ஒன்று கையில் கிடைத்தால் முதலில் யாருக்குக் கொடுக்கத் தோன்றும்? நம் ஆட்களுக்குத்தான். முதலாளியிடம் சொல்லி, சொந்தக் காசு கொடுத்து ஒரு டின் வாங்கிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை குப்பத்துக்குப் போனேன்.

லாரிக்கு ஆயில் மாற்றுவது அங்கே ஒரு சின்னத் திருவிழா. பழைய ஆயிலை வீட்டுக் கம்பத்தில் பூசினால் கரையான் அரிக்காது என்று பெண்கள் ஆளுக்கொரு பழைய தகர டப்பாவோடு வந்து நிற்பார்கள். அன்றைக்கும் நின்றார்கள். நான் லாரிக்கு அடியில் படுத்து ஆயிலை இறக்கினேன். அத்தனை வருஷம் ஓடிய இன்ஜினிலிருந்து இறங்கிய ஆயில் அவ்வளவாகக் கறுப்பாக இல்லை. அங்கேயே எனக்கு உறைத்திருக்க வேண்டும். ஆயிலில் அழுக்கு இல்லை என்றால் அது இன்ஜினுக்குள்ளேயே தங்கிவிட்டது என்றுதானே அர்த்தம்? நானோ, நம் வண்டி எவ்வளவு சுத்தம் பார் என்று மார் தட்டிக்கொண்டேன்.

புது ஆயிலை ஊற்றும்போது ஒரு பிரசங்கமே செய்தேன். “இது டீசல் வண்டி எண்ணெ. ரெண்டு நாள்ல கறுத்துடும், பயப்படாதீங்க. உள்ளே இருக்கிற அழுக்கையெல்லாம் கழுவி எடுத்துடும்” என்றேன்.

“அப்ப வண்டி தலைக்குக் குளிக்கப் போவுதுன்னு சொல்லு” என்றாள் அத்தை. எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன்.

கழுவி எடுத்த அழுக்கு எங்கே போகும் என்று அங்கே யாரும் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டியவன் நான். என் வாயாலேயே சொன்ன வாக்கியத்தை என் காது வாங்கவில்லை. தம்பிகளா, நீங்கள் அடுத்தவருக்கு எதையாவது விளக்கும்போது கொஞ்சம் உங்கள் பேச்சை நீங்களும் கேளுங்கள். பாதி விபத்து அதிலேயே தவிர்ந்துவிடும்.

முதல் சில நாட்கள் லாரி ஜோராக ஓடியது. ஆயில் சொன்னபடி கறுத்தது. கன்னியப்பன் பட்டறைக்கு வந்து, “மச்சான், நீ சொன்னா மாதிரியே ஆயிப்போச்சு, கரி மாதிரி கீது” என்று ஏதோ அதிசயம் கண்டவன் போலச் சொல்லிவிட்டுப் போனான். சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

அடுத்த வாரம் நான் லீவு போட்டுக் குப்பத்தில் இருந்தேன். அன்றைக்கு நல்ல மீன்பாடு. கானாங்கெளுத்தி குவிந்துவிட்டது. உப்பங்கழியிலிருந்து இறாலும் கூடை கூடையாக வந்திருந்தது. கானாங்கெளுத்தி வெயிலில் தாங்காது என்பது உங்களுக்கே தெரியும். லாரி நிறைய ஏற்றிக்கொண்டு, மேலே பெண்கள் உட்கார்ந்துகொள்ள, கன்னியப்பன் பக்கத்தில் நான் ஏறிக்கொண்டேன். ஊருக்கெல்லாம் நல்ல நாள், அதில் நம் ஆயிலுக்கும் ஒரு பங்கு உண்டு என்ற மிதப்பு எனக்கு.

எர்ணாவூர் தாண்டினோம். திருவொற்றியூர் வருவதற்குள் கன்னியப்பன் லாரியை ஓரம் கட்டினான்.

“மச்சான், ஆயில் மீட்டரைப் பாரு. முள்ளு கீழே வுயுந்து கெடக்குது.”

பார்த்தேன். ஆயில் எவ்வளவு அழுத்தத்தில் இன்ஜினுக்குள் ஓடுகிறது என்று காட்டும் முள் அடியில் படுத்திருந்தது. இறங்கி, ஆயில் அளவு பார்க்கும் குச்சியை உருவினேன். ஆயில் முழுசாக இருந்தது, குறையவே இல்லை. மேலேயிருந்து பெண்கள் எட்டிப் பார்த்தார்கள். “இன்னா நைனா, வண்டி குளிச்சது போதாதா?” என்று ஒருத்தி குரல் கொடுத்தாள். மற்றவர்கள் சிரித்தார்கள். கேலிதான், வேறொன்றுமில்லை. எனக்கு முகம் சுருங்கிப்போனது.

இப்போது நான் சொல்வதைக் கவனியுங்கள். இன்ஜினை ஓடவிட்டு, அதிலிருந்து மீட்டருக்குப் போகும் மெல்லிய செம்புக் குழாயின் நட்டு ஒன்றைத் தளர்த்தினால் போதும். ஆயில் பீறிட்டு வந்தால் மீட்டர் பொய் சொல்கிறது, வராவிட்டால் இன்ஜினுக்கு ஆயில் போகவில்லை. ஒரு பீடி பிடிக்கிற நேர வேலை. ஸ்பானர் என் காலடியில் பையில் இருந்தது. ஆனால் நட்டைத் தளர்த்தி, ஆயில் வராமல் போனால்? லாரிக்கு அடியில் படுத்து, அத்தனை பேர் பார்க்க, என் ஆயில் செய்த வேலையை நானே திறந்து காட்ட வேண்டும். ஊரே மீனோடு நடுரோட்டில் காத்திருக்கும். தெரிந்துகொள்ளவே எனக்கு விருப்பம் இல்லை. அதுதான் உண்மை.

“மீட்டர் போயிடுச்சு கன்னியப்பா. பட்டாளத்து வண்டி மீட்டர், என்னிக்கு உண்மை சொல்லுச்சு? ஆயில்தான் ஃபுல்லா இருக்கே. எடு வண்டியை” என்றேன்.

அவன் என்னை ஒரு தரம் பார்த்தான். “நீ சொன்னா சரி மச்சான்” என்று ஏறி உட்கார்ந்தான். அவன் கொஞ்சம் முரண்டு பிடித்திருக்கக் கூடாதா என்று எத்தனையோ நாள் யோசித்திருக்கிறேன். அவன் எதற்கு முரண்டு பிடிப்பான்? வண்டி விஷயத்தில் நான் சொன்னால் அவர்களுக்குச் சரி.

கொஞ்ச தூரம்கூடப் போகவில்லை. உள்ளே யாரோ சுத்தியலால் அடிப்பது போல ஒரு சத்தம், பிறகு ஒரு பெரிய அடி, அதோடு இன்ஜின் நின்றது. ரோடு முழுக்கக் கறுப்பு ஆயில். மூடியைத் திறந்தால், பிஸ்டனைப் பிடித்திருக்கும் ராடு இன்ஜினின் பக்கச் சுவரை உடைத்துக்கொண்டு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அதற்கு மேல் பார்க்க ஒன்றும் இல்லை. புது ஆயில் பழைய அழுக்கையெல்லாம் பெயர்த்துக் கொண்டுவந்து, அடியில் ஆயில் உறிஞ்சும் ஜல்லடையின் வாயில் அடைத்துவிட்டது. தொட்டி நிறைய ஆயில் இருந்தும் இன்ஜினுக்கு ஒரு சொட்டுக்கூடப் போகவில்லை. குச்சியில் தெரிந்த ஆயில் அங்கேயேதான் இருந்தது.

பெண்கள் இறங்கினார்கள். என்னைப் பிடித்து உலுக்கப் போகிறார்கள் என்று நான் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். யாரும் என் பக்கம் வரவில்லை. அத்தை லாரியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தாள். பிறகு புடவைத் தலைப்பைச் சும்மாடாகச் சுற்றித் தலையில் வைத்துக்கொண்டு, “தூக்குங்கடி” என்றாள்.

ஆளுக்கு எவ்வளவு முடியுமோ அவ்வளவு மீனைக் கூடையில் வாரிக்கொண்டார்கள். நானும் ஒரு கூடைக்குக் குனிந்தேன். அத்தை என் கையைத் தட்டிவிட்டாள். கோபமாக இல்லை.

“நீ வண்டியப் பாரு நைனா. மீன நாங்க பாத்துக்கிறோம்.”

ஏறுகிற வெயிலில், கூடையிலிருந்து மீன்தண்ணி முகத்தில் வழிய, அவர்கள் வரிசையாக ராயபுரத்தைப் பார்த்து ஓடினார்கள். லாரி வந்த பிறகு பெண்களுக்கு அந்தப் பழக்கமே விட்டுப்போயிருந்தது. வயசானவர்கள் கொஞ்ச தூரத்திலேயே பின்தங்கிவிட்டார்கள். நான் செத்த இன்ஜினுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, அவர்கள் கண்ணுக்கு மறையும்வரை பார்த்தேன். லாரியில் மிச்சமிருந்த மீன் சாயங்காலத்துக்குள் நாறிவிட்டது. அதை வாரிக் கொட்டியது நானும் கன்னியப்பனும்தான். அவன் ஒரு வார்த்தை பேசவில்லை.

மாடு கட்டி லாரியைக் குப்பத்துக்கு இழுத்துப் போனார்கள். ஊர் கூடியது. எங்கள் ஊரில் வலையை அறுத்தாலும், கட்டுமரத்துக்குச் சேதம் செய்தாலும், கோயில் முன்னால் நிறுத்தி அபராதம் போடுவார்கள். அபராதம் கட்டி விழுந்து கும்பிட்டால் அதோடு விஷயம் தீர்ந்தது, மறுபடி யாரும் பேசக்கூடாது. நான் அதற்குத் தயாராகத்தான் போனேன். சத்தியமாகச் சொல்கிறேன், அந்த அபராதத்துக்கு ஏங்கிக்கொண்டு போனேன். எல்லோர் முன்னாலும் நடந்ததைச் சொன்னேன். என் எண்ணெயால் கெட்டது, மீட்டர் காட்டியும் ஓட்டச் சொன்னது நான், எவ்வளவு போட்டாலும் கட்டுகிறேன் என்றேன்.

ஊர்த் தலைவரான நாட்டார் வயசானவர். யோசித்துவிட்டுச் சொன்னார்: “நல்லது செய்யணும்னுதான எண்ணெ வாங்கியாந்த? அலையில மரம் ஒடஞ்சா யாருக்கு அபராதம் போட முடியும்? போ, போயி வேலையப் பாரு.”

அதோடு நிற்கவில்லை. “மேலுக்கு முடியாம படுத்துக் கெடக்குற ஆளுக்குப் பங்க நிறுத்துறது கெடையாது. வண்டியும் அப்டித்தான். அது எழுந்து நிக்கிற வரைக்கும் வண்டிப் பங்கு போவட்டும்” என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார். அதில் சேருவதை வைத்து வேறு இன்ஜின் பார்ப்பது என்று முடிவாயிற்று.

வண்டிப் பங்கு தொடர்ந்தால், பராமரிப்பவனின் கூடையும் தொடர வேண்டுமே. தொடர்ந்தது. தரகன் மறுபடி கரைக்கு வந்துவிட்டான். முடிந்தவர்கள் நடந்தார்கள், முடியாதவர்கள் அவனிடம் கொடுத்தார்கள். அத்தை நடந்தாள். வாரம் தவறாமல் பட்டறை வாசலில் என் கூடையை இறக்கினாள். வெறும் காலில் அத்தனை தூரம் நடந்து பாதம் வெடித்திருக்கும். “வண்டி டாக்டரு” என்று மட்டும் கூப்பிடுவதை நிறுத்திவிட்டாள். “நைனா, மீனு” என்பாள், போய்விடுவாள். நான் வேண்டாம் என்றேன், காலைப் பிடிக்காத குறையாகக் கெஞ்சினேன். “ஊரு வெச்ச பங்கு. வேணான்னு சொல்ல நீ யாரு?” என்றாள். வீட்டில் என் மனைவி குழம்பு வைப்பாள். நான் சோற்றில் கை வைக்க மாட்டேன். தட்டின் முன்னால் உட்கார்ந்து அந்தப் பாதத்தையே நினைத்துக்கொண்டிருப்பேன். அதன் பிறகு கூடையோடு பட்டறை ஆட்களுக்கே கொடுத்துவிட ஆரம்பித்தேன். வெட்கத்தில் ஒரு மனுஷன் உள்ளுக்குள் எவ்வளவு சின்னதாகிவிட முடியும் என்று அந்த மாதங்களில் தெரிந்துகொண்டேன்.

மழைக்காலம் போய், பொங்கலும் போன பிறகு ஏலக் கடையில் அதே ஜாதி பெட்ரோல் இன்ஜின் ஒன்று கிடைத்தது. அதை ஒரு திருகு விடாமல் பிரித்துக் கழுவிக் கட்டினேன். முதலாளியின் கார் மாதிரி சுத்தமாக இருந்தது. அதில் டீசல் ஆயிலைத் தாராளமாக ஊற்றியிருக்கலாம். அது எனக்குத் தெரியும். ஆனால் கை போகவில்லை, முன்பு ஊற்றிய சாதாரண ஆயிலையே வாங்கி ஊற்றினேன். அதுவும் தப்புதான். ஆயில் என்ன பாவம் செய்தது? ஊற்றும்போது குப்பத்துப் பெண்கள் சுற்றி நின்றார்கள். இன்னா எண்ணெ ஊத்துறே என்று யாராவது ஒருத்தி கேட்பாள் என்று காத்திருந்தேன். ஒருத்தியும் கேட்கவில்லை. நான் ஊற்றினால் சரியாக இருக்கும் என்று மறுபடியும் நம்பி நின்றார்கள்.

புது இன்ஜினோடு முதல் நாள் லாரி ராயபுரம் கிளம்பியது. நானும் ஏறிக்கொண்டேன். எர்ணாவூர் தாண்டியதும், நம்பினால் நம்புங்கள், மீட்டர் முள் மறுபடி கீழே விழுந்தது.

“நிறுத்து” என்று நான் போட்ட சத்தத்தில் கன்னியப்பன் நடுரோட்டிலேயே நிறுத்திவிட்டான்.

நட்டைத் தளர்த்தினேன். ஆயில் நன்றாகப் பீறிட்டு வந்தது. அதோடு விட்டிருக்கலாம். ஆனால் எனக்கு என் மேலேயே நம்பிக்கை இல்லை. லாரிக்கு அடியில் படுத்து, ஆயிலை இறக்கி, அடித் தொட்டியைக் கழற்றி, ஜல்லடையைக் கையால் தடவிப் பார்த்தேன். சுத்தமாக இருந்தது. மீட்டருக்குப் போகும் செம்புக் குழாய் ஓரிடத்தில் நசுங்கியிருந்தது, அவ்வளவுதான். எல்லாவற்றையும் மாட்டி நான் வெளியே தவழ்ந்து வரும்போது வெயில் ஏறிவிட்டது. ஏலம் முடிந்திருக்கும்.

“இன்னா கீது உள்ள?” என்றாள் அத்தை.

“ஒண்ணுமில்லே அத்தே. மீட்டர்தான்.”

அவ்வளவுதான், மடை திறந்தது. “ஒண்ணுமில்லாததுக்கா இம்மா நேரம் நடுரோட்ல எங்கள வறுத்தெடுத்தே? கானாங்கெளுத்தி கூழாயிப்போச்சுடா, பேமானி! மண்டையில மூள கீதா, களிமண்ணு கீதா?” அவள் நிறுத்திய இடத்தில் மற்றவர்கள் பிடித்துக்கொண்டார்கள். ராயபுரம் போய்ச் சேரும்வரை லாரியின் மேலேயிருந்து வசவு கொட்டிக்கொண்டே வந்தது. கன்னியப்பன்கூட, “இன்னா மச்சான் நீ, பேஜாரு பண்ற” என்றான். மாதக்கணக்கில் வாயைத் திறக்காதவன்.

பட்டறை வாசலில் நான் இறங்கினேன். அத்தை எனக்கான கூடையை எடுத்தாள். என்னைப் பார்த்தாள். கூடையை மறுபடி லாரிக்குள்ளேயே வைத்தாள்.

“உனுக்கு இந்த வாரம் பங்கு கெடையாது. அதான் அபராதம். போ!”

செய்த குற்றத்துக்கு எனக்கு அபராதம் கிடைக்கவில்லை. செய்ய வேண்டியதைச் செய்ததற்குக் கிடைத்தது. அதனால் பழைய கணக்கு தீரவில்லை, தீரவும் தீராது. சந்தேகம் வந்தால் நீங்களும் வண்டியை நிறுத்தத்தான் போகிறீர்கள், பாதி நேரம் உள்ளே ஒன்றும் இருக்காது, உங்களையும் திட்டுவார்கள். வாங்கிக்கொள்ளுங்கள். அன்றைக்கு நான் ஆயில் கையோடு, வெறுங்கூடைகூட இல்லாமல், ராயபுரம் தெருவில் வீட்டுக்கு நடந்து போனேன். லாரிதான் ஓடுகிறதே, இன்றைக்காவது மீன் எங்கே என்று மனைவி கேட்டாள். அத்தை கொடுக்கவில்லை என்றேன். வெறும் ரசத்தை ஊற்றினாள். தட்டில் போட்டது ஒரு பருக்கை மிச்சமில்லாமல் சாப்பிட்டேன்.